பத்தும் எரியணும்

இலவசம் என்றாலே பம்பு மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்துவிடும். சும்மா கொடுக்கிறவன் சும்மாவா கொடுப்பான்? ஒரு கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டர் பத்தைக் குடியிருப்புச் சனங்களுக்கென்று சங்கத்து அறையில் இறக்கிவிட்டுப் போனபோது, "குப்பை அள்ளுற கூலி மிச்சம்னு இங்க கொட்டிட்டான்" என்றுதான் சொன்னார்.

மருமகள் காதில் வாங்கவில்லை. பகலெல்லாம் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் இடுப்பு ஒடிய உட்கார்ந்துவிட்டு வருகிறவள், சாயங்காலம் அந்த அறைத் தரையில் சம்மணம் போட்டுப் பெட்டிகளைக் குடைய ஆரம்பித்தாள். மகனுக்கு வெளியூரில் வேலை. அவளைத் தனியாக விட மனசில்லாமல் மெக்கானிக்கும் கூடவே போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்.

பெட்டிகளில் இருந்ததைத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினாள். காசு கிடையாது, லைசென்ஸ் வாங்க வேண்டாம், கிழட்டு மெஷினுக்கென்றே ஒல்லியாகச் செய்த வகையாம்.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து செய்றாங்க மாமா."

"அவங்களுக்கு வேற பொழப்பு இல்லையா?"

"எனக்கும்தான் இல்ல. இந்த ஒயரைப் பிடிங்க."

திரை எரிந்தது. அடித்த எழுத்து விழுந்தது. ஆனால் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்தால் போதும், மெஷின் மூச்சு வாங்கி நின்றுவிடும். மார்க்கெட்டில் கடை இடம் கேட்டு விண்ணப்பம் போட வந்தாள் தையல்காரம்மா. அவள் போட்டோவை ஏற்றும் இடத்தில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது சுத்தி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு சட்டையே தைச்சிருப்பேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

மெமரி போதவில்லை என்றாள் மருமகள். பெட்டிக்கு ஒரே ஒரு மெமரிப் பட்டைதான் சொருகியிருந்தது. இரண்டு இருந்தால் ஓடும். இந்தப் பழைய வகைப் பட்டை இப்போது கடையில் கிடைப்பதில்லை. அதனால் அஞ்சு பெட்டியிலிருந்து பிடுங்கி மற்ற அஞ்சில் சொருகினாள். இதை மெக்கானிக்குக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு செத்த பம்பைக் கலைத்து ஒன்றுக்கு உயிர் கொடுத்துத்தான் அவர் குடும்பம் நடத்தியிருந்தார்.

அஞ்சும் ஓடின. வயசானவர் மாடி ஏறுவதுபோல நின்று நின்றுதான், ஆனாலும் ஓடின.

நிம்மதி ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சங்கத் தலைவர் வாசலிலேயே நின்று சொன்னார்: "ஞாயித்துக்கிழமை கம்பெனிக்காரர் பாக்க வர்றார். பத்தும் எரியணும்."

"அஞ்சுதான் சார் ஓடும்" என்றாள் மருமகள்.

"பத்து குடுத்தவருக்கு அஞ்சைக் காட்டினா, மீதியை நாம தின்னுட்டோம்பார். எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடுவார். என் மச்சான் வேற அவன் வாடகை நாற்காலியை அடுக்க இந்த அறையைக் கேட்டு நச்சரிக்கிறான்."

அவர் போனதும் மருமகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "வர்றவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன் மாமா. ஏன் மாத்தினோம்னு சொன்னா புரிஞ்சுக்குவார்."

"புரிஞ்சு கிழிச்சான். அவன் எண்ண வர்றான்மா, கேக்க வரல. பட்டையைத் திருப்பிச் சொருகு. பத்தையும் எரியவிட்டுக் காட்டு. அவன் தெரு முனை திரும்பினதும் மறுபடி மாத்திக்க."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. சொன்னபடி செய்தாள்.

வந்தவர் ஒரு கீபோர்டைக்கூடத் தொடவில்லை. பத்துத் திரைக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் நல்லா ஓடுதுல்ல?"

"ஜோரா ஓடுது" என்றார் தலைவர். மருமகள் வாயைத் திறந்தாள். மெக்கானிக் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள். மனுசனுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. நான் சொன்னேனா இல்லையா!

அப்போதுதான் கம்பெனிக்காரர் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் மூடி சேரும் இடத்தில் ஒன்றாக அழுத்தி ஒட்டினார். "வேற ஒரு எடத்துல உள்ள இருந்த பார்ட்ஸை உருவிட்டாங்க. அதான். இது கிழிஞ்சிருந்தா மெஷினை எடுத்துக்குவோம். அடுத்த வருஷம் வந்து பாப்பேன்."

அவரை வழியனுப்பத் தலைவரும் போனார். அறையில் பத்துத் திரையும் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தன, ஒன்றும் உதவாமல். மருமகள் திட்டியிருந்தால்கூட மெக்கானிக்குக்குப் பாரம் இறங்கியிருக்கும். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இப்ப ஓடுதாமே? நாளையோட கடைசி. எதுல உக்காரட்டும்?"

அவளாகவே ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். வட்டம் சுற்றத் தொடங்கியது.

மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். "ஸ்க்ரூ டிரைவரைக் குடும்மா."

"கிழிச்சா எடுத்துட்டுப் போயிடுவாங்க மாமா."

"எப்ப?"

"அடுத்த வருஷம் வரும்போது."

"அது வரைக்கும் ஓடும்ல?"

"அப்புறம் அறையும் போயிடும்."

"போகட்டும். நீ உள்ளதைச் சொல்றேன்னே, நான்தான் பெரிய சாணக்கியன் மாதிரி வாயை அடைச்சேன். ஓடாத பத்தை வச்சுக்கிட்டு வருஷம் பூரா மூஞ்சியைப் பாக்கச் சொல்றியா?"

மருமகள் தையல்காரம்மாவை எழுப்பிவிட்டு மெஷினை அணைத்தாள். அவர் நகத்தால் ஸ்டிக்கரைக் கீறினார். அது ஒழுங்காக உரியாமல் துண்டு துண்டாகக் கிழிந்தது. ஒட்ட வைக்க வழியே இல்லை. பக்கத்துப் பெட்டியையும் அவள் பிரித்து அதன் பட்டையை எடுத்து இதில் சொருகினாள்.

மெஷின் மெதுவாக எழுந்தது. வட்டம் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. போட்டோ ஏறியது.

"ஐயோ, எவ்வளவு பெருசாத் தெரியுறேன்" என்றாள் தையல்காரம்மா. "சரி, கடை இடம்தானே கேக்குறோம், மாப்பிள்ளையா கேக்குறோம்."

மருமகள் சிரிக்கப் பார்த்தாள், கொட்டாவிதான் வந்தது. "மிச்சத்தை நாளைக்குப் பாக்கலாம் மாமா. கை ஓயுது."

"நாளைக்குத் தலைவர் வந்து குறுக்க நிப்பாரு. நீ உக்காரு, ஸ்டிக்கரை நான் கிழிக்கிறேன்" என்றவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு முன்னால் மெல்லக் குந்தினார்.