ஏகநாதன் நம்பர் போட்ட தோப்பு

ஏகநாதன் தொட்ட காரியம் எதுவும் பாதியைத் தாண்டியதில்லை. கோழிப்பண்ணை வைக்கக் கிளம்பினார். கூண்டு கட்டி முடிவதற்குள் அலுத்துவிட்டது. வீடியோ கேசட் கடைக்கு போர்டு எழுதி மாட்டினார்; கேசட் வாங்க மறந்துவிட்டார். சொந்த வீட்டு மாடியில் நான்கு தூண்கள் மட்டும் கம்பியை நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் கொடி கட்டி அவர் மனைவி காந்தா துணி உலர்த்தினாள். அவரைக் கெட்டவர் என்று கூடுவாஞ்சேரியில் யாரும் சொன்னதில்லை. கெட்டுப்போவதையும் பாதியில் விட்டுவிடுவார் என்று ஊருக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஆசை வந்தது, அதுவும் விடாப்பிடியாக. ஏரிக்குப் பின்னால் அவருக்கும் அக்கா பச்சையம்மாவுக்கும் பொதுவில் கிடந்த சவுக்குத் தோப்பை விற்றுவிட வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல்களெல்லாம் மனைக்கட்டாகிக்கொண்டிருந்த தொண்ணூறாம் வருஷம் அது. தாம்பரத்து லேஅவுட்காரர் மாணிக்கவேல் நல்ல விலை சொன்னதோடு, வரப்போகும் நகருக்கு அவர் பேரையே வைப்பதாகவும் சொல்லியிருந்தார். 'ஏகநாதன் நகர்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே, அக்காவின் கையெழுத்துக்காக அவர் சிட்லபாக்கம் போய்ச் சேர்ந்தார்.

பச்சையம்மா தம்பியை நன்றாக அறிந்தவள்.

"விக்கலாம், யாரு வேணான்னது? ஆனா அதுக்கு முன்னாடி நீ ஒரே ஒரு காரியத்த ஆரம்பிச்சி முடிக்கறத நான் கண்ணால பாக்கணும்" என்றாள். "தோப்பு வச்சிருக்கறவங்களுக்கு பாரஸ்ட்டுக்காரங்க வருஷம் பூரா கிளாஸு எடுக்கறாங்களாம். பருவத்துக்கு ஒண்ணு, மொத்தம் நாலு. நாலுக்கும் போ. சொல்லிக் குடுக்கறத தோப்புல செய். நாலாவது முடியற அன்னிக்கு வந்து கையெழுத்து போட்றேன்."

"விக்கப்போற தோப்புக்கு இன்னாத்துக்குக்கா கிளாஸு?"

"நீ பாதில ஓடி வரத பாக்கத்தான்."

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. ரோஷமும் பாதி வழியில், தாம்பரம் தாண்டுவதற்குள் ஆறிவிட்டது. ஆனாலும் வேறு வழியில்லை.

முதல் வகுப்பு காட்டாங்குளத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பங்குனி வெயிலில் நடந்தது. கோடையில் தோப்புக்குத் தீ பிடிக்காமல் காப்பது பற்றி வன அலுவலர் எலியேசர் பேசினார். ஃபேன் காற்று சுகமாக வந்தது. ஏகநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஆழ்ந்து கேட்டார். எலியேசர் நேராக அவரைக் காட்டி, "நீங்க சொல்லுங்க சார், நெருக்கி நட்ட சவுக்கு ஏன் இவ்வளவு ஒல்லியா, உயரமா போகுது?" என்றார்.

ஏகநாதன் திடுக்கிட்டு எழுந்தார். வாயில் வந்ததைச் சொன்னார்.

"பக்கத்து வூட்டுக்காரனுக்கு முன்னாடி மேல போய் வெயில புடிச்சிக்கணும்னுதான் சார்."

மண்டபம் சிரித்தது. எலியேசர் சிரிக்கவில்லை, சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார். "இதைத்தான் நான் ஒரு மணி நேரமா சொல்லிட்டிருக்கேன். ஏகநாதன் சார் ஒரே வரியில சொல்லிட்டார்!"

அவரை அதுவரை யாரும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. தாலுகா ஆபீஸ் பியூன்கூட 'இன்னாபா' என்றுதான் கூப்பிடுவான். அன்று சாயங்காலம் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அவர் உட்காரவில்லை. உடம்பு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாளே தோப்பைச் சுற்றி விழுந்து கிடந்த சருகையெல்லாம் ஒதுக்கி, தீ தாண்டாதபடி ஓரத்தில் அகலமாகக் கொத்திவிட்டார். ஆடியில் இரண்டாவது வகுப்பு. பக்கக் கிளையை மரத்தோடு ஒட்டி, பட்டை உரியாமல் அறுக்க வேண்டும் என்றார்கள். அரிவாளால் வெட்டுகிற ஊரில் அவர் ரம்பம் வாங்கினார். ஐப்பசியில் மூன்றாவது. தோப்பில் தண்ணீர் தேங்கக்கூடாது என்று சொன்னதுதான் தாமதம், கொட்டுகிற மழையில் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாய்க்கால் வெட்டப் போய்விட்டார். காந்தாவின் தையல் மிஷினிலிருந்து டேப்பை எடுத்துப்போய் ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுத்தார். "எனக்கு ஜாக்கெட்டு தைக்க டேப்பு இல்ல, மரத்துக்கு கீது" என்று காந்தா அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதாள். புயல் காற்றில் ஒரு வரிசை சாய்ந்த அன்று அவர் சோறு இறங்காமல் எழுந்துவிட்டார். விற்கப்போகிற மரத்துக்கு ஏன் துக்கப்படுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. எதையும் யோசித்து முடிக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது.

நாலாவது வகுப்பு மாசியில். அதற்கு முன் எல்லோரும் தங்கள் தோப்பில் ஒரு வரிசைக்கு சாக்பீஸால் நம்பர் போட்டு, எது நோஞ்சான், எது தேறும் என்று பார்த்து வைக்கச் சொன்னார் எலியேசர். கடைசியாக, "நிறைவு வகுப்பை ஏகநாதன் சார் தோப்புலயே வெச்சிக்கலாம். சாரே பத்து நிமிஷம் பேசட்டும்" என்றார்.

அவர் தோப்பில், அவரே பேச்சாளர்! சாக்பீஸா போடுவது? நம்பர் போட்ட மரம் எப்படி இருக்கும் என்று அவர் ஜி.எஸ்.டி. ரோட்டுப் புளியமரங்களைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவர். வெள்ளை பெயிண்ட், நடுவில் சிவப்புப் பட்டை, அதற்கு மேல் கறுப்பில் நம்பர். பாதையோரத்து வரிசை முழுக்க அப்படியே அடித்துவிட்டார். தொடை பருமன்கூட இல்லாத சவுக்கில் மூன்று இலக்கம் பக்கவாட்டில் கொள்ளாததால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். வாழ்க்கையில் அவர் முழுசாக முடித்த முதல் வேலை அது.

ஊர் அதை வேறு மாதிரி பார்த்தது. மரத்தில் பட்டையும் நம்பரும் போடுவது யார்? ஹைவேஸ்காரன். எதற்குப் போடுவான்? பொன்னுசாமி டீக்கடையில் காலையில் 'ரோடு வருமோ' என்று ஆரம்பித்த பேச்சு, மத்தியானத்துக்குள் தோப்பின் நடுவில் பைபாஸே போட்டுவிட்டது. நம்பர் போட்ட மரத்துக்கு மட்டும்தான் நஷ்டஈடு என்று எவனோ கிளப்பிவிட, பக்கத்து வீட்டு வீராசாமி தன் முருங்கைக்கும் பப்பாளிக்கும் நம்பர் எழுதிவிட்டார்.

மாணிக்கவேல் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். பட்டை போட்ட மரங்களைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"இன்னா ஏகநாதண்ணா, ஹைவேஸ்காரன் வந்து எழுதிட்டு போயிட்டானா?"

'அட, அது நான் அடிச்ச பெயிண்டுபா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விலையும் வரும், நகரும் வரும். ஏகநாதன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை, இருமல் வந்தது. இருமி முடித்து அவர் தலையைக் குனிந்துகொள்ள, துக்கத்தில் குனிகிறார் என்று மாணிக்கவேல் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "கெவர்மெண்டு கண்ணு வச்சா நாம இன்னா பண்ண முடியும்? வுடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருத்தமே இல்லையே! விசில் அடித்துக்கொண்டல்லவா வீட்டுக்கு நடக்கிறோம்?

நிறைவு வகுப்பன்று தோப்புக்கு ஜீப்பில் எலியேசர் வந்தார், பஸ்ஸில் மற்ற தோப்புக்காரர்கள் வந்தார்கள், பேனாவோடு பச்சையம்மா வந்தாள். கவர்மெண்டு ஜீப் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ரோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள மாணிக்கவேலும் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார். வீராசாமி நஷ்டஈடு வாங்கக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்.

எலியேசர் வரிசை நெடுக நடந்தார். கிளை அறுத்த தழும்பைத் தடவினார். வாய்க்காலைக் குனிந்து பார்த்தார். பட்டை போட்ட மரங்களுக்கு முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தோப்பை நான் பார்த்ததில்ல. இவ்வளவு அக்கறையா பெயிண்ட் அடிச்சு நம்பர் எழுதினது யாரு?"

ஏகநாதனுக்கு நிலைமை புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ரோடு வரும் என்றே ஊர் நம்பும், நம்பினால் மாணிக்கவேல் கேட்டு வரமாட்டார், தோப்பு பிழைத்துக்கிடக்கும். மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தார். பல்லைக் கடித்தார். இருமிப் பார்த்தார். ஆனால் ஐம்பது வருஷமாக ஊருக்கு முன்னால் ஒரு பாராட்டு வராதா என்று காத்திருந்த மனுஷன். அது வந்து வாசலில் நிற்கும்போது வீட்டில் ஆளில்லை என்று எப்படிச் சொல்வார்?

"நான்தான் சார்!" என்று கத்தினார். "மூணு கோட்டு, கோட்டுக்கு ஒருநாள் காய வச்சி அடிச்சேன்!"

கை தட்டினார்கள். வீராசாமி மட்டும் தட்டவில்லை. தன் முருங்கை இருந்த திசையைப் பார்த்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாணிக்கவேல் முன்னால் வந்தார்.

"அப்ப ரோடு வரலியா? அடப்பாவி அண்ணா, இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? அக்காவும் வந்துகீறாங்க. வாங்க, இப்பவே கையெழுத்து போட்டுடலாம்."

பச்சையம்மா பேனா மூடியைக் கழற்றினாள். "முடிச்சிட்டியேடா. நான் நெனக்கவேயில்ல. எங்க போடணும், காட்டு" என்றாள். அவளுக்குத் தோப்பின் மேல் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது இருமல்கூட உதவிக்கு வரவில்லை. ஏகநாதன் பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"விக்கல" என்றார். இன்னொரு முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நான் விக்கல மாணிக்கவேலு."

மாணிக்கவேல் பச்சையம்மாவைப் பார்த்தார். பச்சையம்மா தம்பியைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

"டேய்! விக்கணும், விக்கணும்னு ஒரு வருஷமா என் உயிர எடுத்தியே, எதுக்குடா?"

"அப்ப எனக்கு இது மரம்னு மட்டும்தான்க்கா தெரியும்" என்றார் ஏகநாதன்.

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சையம்மா பேனாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மாணிக்கவேலிடம், "மோரு தராங்க, குடிச்சிட்டு போங்க" என்று சொல்லிவிட்டு, ஜமுக்காளத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் பேச வேண்டிய ஏகநாதன் அன்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார். ஒரு வரியையும் பாதியில் விடவில்லை.