ஆதாம் அப்போது எங்கே இருந்தார்

தெருவில் எல்லோருக்கும் அவர் 'காவியம்'. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட, "காவியம் சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார். ஏதேன் தோட்டத்தில் மனிதகுலம் விழுந்த கதையை, விழுந்தவர்களே கொட்டாவி விடும் அளவுக்கு இழுத்து, விருத்தம் விருத்தமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதினார் என்பதுகூட மரியாதைக்குத்தான். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருக்கும் மனைவி, வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டரில் அடிப்பாள். நடுவில் குக்கர் விசிலடித்தால் படைப்பே நின்றுபோனதுபோல் முறைப்பார்.

கடைசிக் காண்டம் அடிக்கும்போதுதான் டீச்சருக்குச் சுருக்கென்றது. பாம்பு வருகிறது, பேசுகிறது, ஏவாள் மயங்குகிறாள். ஆதாமைக் காணோம்.

"என்னங்க, ஆதாம் எங்க?"

"தோட்டத்தோட மறுகோடியில. மிருகங்களுக்குப் பேர் வெச்சிட்டு இருக்கான்."

"பேரெல்லாம் ரெண்டாவது காண்டத்துலயே வெச்சு முடிச்சாச்சே."

"பறவை கொஞ்சம் பாக்கி இருந்துச்சு. நீ அடி."

அவள் அடித்தாள். அடுத்து ஏவாள் புலம்பல்.

யானே பறித்தேன், யானே புசித்தேன்,
யானே கொடுத்தேன், அவரொன்றும் அறியார்.

டீச்சரின் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. இந்த வரிகளை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். கல்யாண வீடு, சாவு வீடு, ஆலய வாசல் என்று போன இடமெல்லாம் அவர் இதையே பேச்சு நடையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "அந்த இடத்துல பொண்ணைக் குடுக்கணும்னு இவதான் ஒத்தக் கால்ல நின்னா. எனக்கென்ன தெரியும்?"

அவருக்கா தெரியாது? மாப்பிள்ளையின் அப்பா ஓர் அச்சகக்காரர். பெண் பார்க்க வந்த அன்று காபியை ஆறவிட்டுவிட்டு, "ஐயா, உங்க காவியத்துல ரெண்டு பாட்டு கேக்கணும்" என்றார். கேட்டு, கண்ணைத் துடைத்து, "இதை அச்சுல ஏத்தற பாக்கியம் நமக்குக் கிடைக்கணும்" என்றார். டீச்சர் சமையலறைக்குக் கூப்பிட்டு, "பையன் முகத்தைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குங்க, விசாரிக்கலாம்" என்று கிசுகிசுத்தாள். அவர் காதில் அது ஏறவில்லை. கூடத்துக்குத் திரும்பிப் போய் மூன்றாவது பாட்டை எடுத்துவிட்டு, அதே மூச்சில் சம்மதமும் சொன்னார். மகள் ஒரு துணிப்பையோடும் ஒடிந்த மணிக்கட்டோடும் திரும்பி வந்தபோது, அவர் நாலாவது காண்டத்தில் தேவதூதர்களின் சிறகை வர்ணித்துக்கொண்டிருந்தார்.

வெளியீட்டு விழா அழைப்பிதழ் வந்தது. 'ஏவாள் புலம்பல் வாசிப்பு: ஆசிரியரின் துணைவியார்.' கேட்காமலே போட்டுவிட்டார்.

"ஆதாமும் பக்கத்துல நின்னு கேட்டான்னு ஒரே ஒரு வரி போடுங்க. படிக்கிறேன்" என்றாள் டீச்சர்.

"ஒரு வரியைத் தொட்டா எதுகை சரிஞ்சிடும்."

"சரியட்டுமே. பெத்த பொண்ணே சரிஞ்சு வந்து நிக்கிறா."

"இலக்கியத்துல குடும்பத்தைக் கலக்காத."

கலந்தது யாரென்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை நிலைய வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், செருப்பை மாட்டியபடி சொன்னாள்: "ஊரு சொல்றதை விடும்மா. நீயே மைக்ல 'நான்தான்'னு சொல்லிட்டீன்னா, அப்புறம் நான் யார்கிட்ட போய் இல்லைங்கறது?"

ஆலயத்துக்குப் பக்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற துணைவேந்தர், அட்டையை மட்டும் படித்துவிட்டு அரை மணி நேரம் புகழ்ந்தார். 'மானுடத்தின் மகாகுரல்' என்று பின்னால் ஒரு பேனர். அதில் காவியத்துக்கு முடி கறுப்பாக இருந்தது.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தோட்டம் வந்தது, பாம்பு வந்தது. 'யானே' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"இதை என்னால படிக்க முடியாது. அவர் அங்கதான் இருந்தாரு. பாம்பு புகழ்ந்ததை உக்காந்து கேட்டுட்டு, இன்னொரு பாட்டும் பாடிக் காட்டினாரு. வேண்டாம்னு சொன்னது நான்."

முன்வரிசையில் உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காவியம் பதறவில்லை. பக்கத்து மைக்கை இழுத்து, "பாத்திரத்தோட அப்படியே ஒன்றிப்போயிட்டாங்க" என்று சிரித்தார். துணைவேந்தர், "அற்புதம்" என்று தலையாட்டிக் கைதட்டினார். அவர் தட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மண்டபமே தட்டியது. உண்மையைச் சொன்னால் அதையும் நடிப்பு என்று பாராட்டிப் புதைத்துவிட முடியும் என்பது டீச்சருக்குத் தெரியாமல் போயிற்று.

கைதட்டல் ஓய்ந்ததும் கடைசி வரிசையில் மகள் எழுந்து நின்றாள்.

"அப்பா, எனக்குச் சம்மதம் சொன்னது யாரு?"

"பாப்பா, அதை வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல எப்பவும் உங்களுக்குப் பறவை பாக்கி இருக்கேப்பா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காவியம் முகம் சிவந்து, மைக் வாயருகே இருப்பதையே மறந்து, மனைவியை நோக்கி விரலை நீட்டினார்.

"எல்லாம் இவ பண்ற வேலை. இவதான் உன்னை இப்படிப் பேச வெச்சிருக்கா."

ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்தத் தடவை துணைவேந்தர் தட்டவில்லை. ஞாயிறு தவறாமல் வேதம் கேட்டுப் பழகிய கூட்டம் அது. பழத்தைத் தின்ற ஆதாம் மாட்டிக்கொண்டதும், 'இவள்தான் கொடுத்தாள்' என்று மனைவியைக் காட்டினான் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும்.

டீச்சர் புத்தகத்தை மூடி அவர் முன்னால் வைத்தாள்.

"இப்பத்தாங்க உங்க ஆதாம் வாயைத் திறந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசையில் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.