அடுப்படியில் கிடந்த கத்தி

“தங்கூசிய யாராவது கையில சுத்துவாங்களா? சின்னப்பிள்ளை கூடச் சுத்தாது!”

“சுத்தல ஏளா. ஒரே ஒரு மடிப்பு. வழுக்குச்சு, அதான்.”

“மடிப்பாம்!”

ஏஞ்சலின் கணவனின் வலது கையை வெந்நீரில் கழுவினாள். தூண்டிலின் நைலான் நரம்பான தங்கூசி உள்ளங்கையில் குறுக்காகக் கோடு கிழித்திருந்தது. விரல்களை மடக்கச் சொன்னாள். ஜெஸ்டின் மடக்கினான். மறுபடியும் மடக்கச் சொன்னாள்.

காலையில் அடுப்படியில் அந்தக் கத்தியைப் பார்த்ததிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எப்போதும் வள்ளத்தில் செருகியிருக்கும் கத்தி. வீட்டு அரிவாள்மனை மழுங்கிப்போனதால், நேற்றுச் சீலா மீன் அறுக்க எடுத்து வந்தவள் திருப்பி வைக்கவில்லை. பெரிய மீன் ஆளையே இழுத்தால் தங்கூசியை அறுத்துவிட வள்ளத்தில் வேறு எதுவும் கிடையாது. கடலுக்குள் போனும் எட்டவில்லை. மதியம் தருவைகுளம் கரையை நோக்கி வந்த வள்ளத்தில் இரண்டு தலைகள் தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“கொப்பரன் மீனு, மைனி,” என்றான் கூடப் போன பெவின். “வாளு மாதிரி மூக்கு. அது துள்ளுன துள்ளுல அண்ணன் பாதி உடம்பு வெளிய. நான் இடுப்பப் பிடிச்சுக்கிட்டேன். ‘கத்திய எடுலே’ன்னு கத்துதாரு. அங்கன கத்தியே இல்ல!”

“அது இங்கன கெடக்கு,” என்றாள் ஏஞ்சலின், தலை நிமிராமல்.

“குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு,” என்று ஜெஸ்டின் சிரித்தான்.

“பெறவு எப்படித்தான் அறுத்தீங்க?”

பெவின் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துக் காட்டினான். “தீய வச்சேன். பொசுக்குன்னு உருகி விட்டுருச்சு. இனி பீடி குடிக்காதன்னு ஏசுவீங்களா?”

“பீடியத் தூரப் போடு. லைட்டர வச்சுக்கோ.”

மூவரும் சிரித்தார்கள். ஏஞ்சலினுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வலைக்குப் போறவனுக்கு இந்தக் காயமெல்லாம் இல்ல, மீன் தானா வந்து மாட்டும்,” என்றான் ஜெஸ்டின். “விடியக்காலம் எது கெடக்கோ அதான். தூண்டில் அப்படியா? கடலுக்கு அடியில ஒருத்தன் நம்ம கையப் பிடிச்சுக்கிட்டு, நீ யாருன்னு கேக்குற மாதிரி இருக்கும்.”

அவள் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கையை மட்டும் விடவில்லை.

“ரெக்சன் அண்ணாச்சி வலைப்படகுக்கு ஆள் கேக்காரு. ஒரு வருசம் அங்கன போய்ப் பாருங்களேன். எனக்காக.”