ஒரு காலுக்கு ஆன சர்க்கரை

அந்த மாதம் எங்கள் வீட்டு ரேஷன் சர்க்கரை முழுவதும் என் தங்கை வெரோனிகாவின் காலுக்குப் போயிற்று. வாய்க்கு அல்ல, காலுக்கு. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உலகச் சண்டைக் காலம் அது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. சர்க்கரை என்று கார்டுக்குக் கிடைப்பது ஒரு சின்னப் பொட்டலம். நான் மாம்பலத்தில் பங்களா கட்டுகிற இடத்தில் சித்தாள். பகலெல்லாம் செங்கல் சுமந்துவிட்டு சாந்தோமுக்கு நடந்து வந்தால் ஒரு டம்ளர் காப்பி, அதில் அரைக் கரண்டி சர்க்கரை. எனக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான்.

வெரோனிகாவுக்கும் விக்டருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. விக்டர் டிராம் கண்டக்டர். டிராமில் டிக்கெட் கேட்பான், வீட்டில் அம்மா சொல்வதைக் கேட்பான். அந்த அம்மா நோரா, அடையாற்றில் ஒரு துரை வீட்டில் ஆயா. துரைசானியின் பழைய பவுடர் டப்பாவைக்கூடக் கோயில் பொருள் மாதிரி துடைத்து வைத்திருப்பவள்.

எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்பார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நோரா அம்மாள் ஒரு வெள்ளைக் கவுனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"துரைசானி குடுத்தது. பட்டு. வெரோனி இதத்தான் கட்டிக்கணும். துரைசானியே வந்து முன் பெஞ்சில குந்தப் போறாங்க."

கவுன் முழங்காலுக்குக் கீழே நாலு விரல்தான் இறங்கியது.

"காலு தெரியுமே," என்றாள் என் அம்மா.

"தெரியத்தான் தெரியும். கால மூடற ஸ்டாக்கிங்குக்கு எங்க போறது? சண்டையில துரைசானிக்கே கெடைக்கல."

சொல்லிக்கொண்டே குனிந்து, சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல வெரோனிகாவின் புடவையைத் தூக்கிக் காலைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கரடிக்குட்டி மாரி? கச்சேரி ரோட்ல அமீனா பீ கீது. சர்க்கரையில பாகு வச்சி முடி எடுக்கும். சர்க்கர நீங்கதான் எடுத்துக்கினு போவணும். சனிக்கெழம வந்து பாப்பேன். இப்டியே இருந்திச்சின்னா சாமியார்கிட்ட நானே போய் ஓலைய நிறுத்திடுவேன்."

"அவ காலு நடக்கறதுக்கு, துரைசானி பாக்கறதுக்கு இல்ல," என்றேன் நான்.

"நீ பேசாத பியாட்ரிஸ். உன்ன மாரி அவளும் கல்லு சொமக்கணுமா?"

அவள் போன பிறகு கவுனைக் கிணற்றில் போடப் போனேன். வெரோனிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு விக்டர் வேணும். முடிதானே, போவட்டும்."

கவுனை அவளிடமே கொடுத்தேன்.

வியாழக்கிழமை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளை அழைத்துப் போனேன். மசூதிக்குப் பின்சந்தில் அமீனா பீயின் வீடு. புருஷன் கப்பல் வேலையில் பாஸ்ராவில் இருந்தபோது கூடப் போய் இருந்தவள். அந்த ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு இப்படித்தான் செய்வார்களாம். பொட்டலத்தை வாங்கி, பாதிக்குமேல் சட்டியில் கொட்டினாள். எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் தண்ணீர். அதிரசத்துக்குப் பதம் பார்ப்பதுபோலக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தாள். தேன் நிறம் வந்ததும் நனைந்த தட்டில் ஊற்றி, சூடு தணிந்ததும் இழுத்து இழுத்துப் பிசைந்தாள். பாகு வெளுத்துப் பளபளத்தது. மிட்டாய்க் கடை வாசனை வந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அதற்காகவும் கோபம் வந்தது.

"மொத தபாவா மா?" என்று கேட்டாள் அமீனா பீ.

வெரோனிகா தலையாட்டினாள்.

"முடி அரிசி நீளம் இருக்கணும், இருக்குது. மொத தபா வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். தூரமாவுற நேரமா? அப்ப இன்னும் வலிக்கும்."

"இல்ல," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் வெரோனிகா.

அமீனா பீ உருண்டையைக் காலில் வைத்துத் தேய்த்தாள். அது பிடிக்கவில்லை. ஈரக் கல்லில் மீன் வழுக்குவது மாதிரி வழுக்கியது. மறுபடி தேய்த்தாள். கையெல்லாம் கொழகொழவென்று ஆயிற்று. விரலை முகர்ந்து பார்த்தாள்.

"எண்ண தடவினியா?"

"தேங்கா எண்ண. வலிக்காம இருக்கட்டும்னு..."

"எவ்ளோ?"

"ரெண்டு காலுக்கும் நல்லா ஊற வச்சேன்."

"அட அல்லா! மீன் வறுக்கவா வந்தே?"

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே. சுளுக்கா, எண்ணெய். தலைவலியா, எண்ணெய். வலி வருமுன்பே போட்டுவிட்டால் இன்னும் நல்லது என்று நினைத்துவிட்டாள். எண்ணெய் பட்டால் பாகு முடியைப் பிடிக்காது என்று யாருக்குத் தெரியும்? பாதிக்குமேல் சர்க்கரை கூழாகிச் சாக்கடைக்குப் போயிற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமீனா பீ சீயக்காய் போட்டுக் காலைக் கழுவி, துடைத்து, அரிசி மாவு பூசிக் காயவிட்டாள். மிச்சச் சர்க்கரையில் மறுபடி பாகு. இந்தத் தடவை பிடித்தது. கணுக்காலிலிருந்து முடிக்கு எதிராக மேலே இழுத்துப் பூசினாள். முடி போகிற பக்கமாகக் கீழே வெடுக்கென்று சுண்டி எடுத்தாள்.

"யேசுவே!" என்று வெரோனிகா போட்ட கூச்சலில் மசூதிப் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

"அவரக் கூப்டு, யார வேணாக் கூப்டு. கால மட்டும் இழுத்துக்காதே," என்றாள் அமீனா பீ. சுண்டின இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வலி கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. அடுத்த இடம். அடுத்த கூச்சல். முடியின் வேரில் ரத்தம் பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்த்தது.

"யாரு மா இத செய்யச் சொன்னது?"

"மாமியா."

"மாமியா கால நீ பாத்தியா?"

வெரோனிகா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரை வெயில். உருண்டை கையிலேயே இளகிக்கொண்டு வந்தது. வலது கால் முடிந்தபோது அது முடியும் அழுக்குமாகக் கறுத்து, தட்டோடு ஒட்டிக்கொண்டது. அமீனா பீ கையைக் கழுவினாள்.

"தீந்து போச்சி மா."

"இன்னொரு காலு?" என்றேன்.

"சர்க்கர கொண்டா, செய்யறேன்."

"வெல்லத்துல ஆவாதா?"

"மண்ணும் நாருமா இருக்கும். பதம் வராது, தோலுதான் போவும்."

"கத்தி?"

"செரச்சா நாளான்னைக்கே முள்ளு முள்ளா குத்தும். கல்யாணத்தன்னிக்கி மாப்ள தாடியும் இவ காலும் ஒண்ணா இருக்கும்."

கிளம்பும்போது சொன்னாள்: "இன்னிக்கி சுடுதண்ணி ஊத்தாதே. வெயில்ல நிக்காதே. கடல்ல கால நனைக்காதே, உப்பு எரியும். பொரிப் பொரியா வரும், சொறியாதே, அடங்கிடும். நாலஞ்சு நாளு போனா பயத்தமாவு போட்டுத் தேயி, இல்லாட்டி முடி தோலுக்குள்ளயே சுருண்டுக்கும். பின்ன மாசம் ஒரு தபா வா."

"மாசா மாசமா?" என்று நின்றுவிட்டாள் வெரோனிகா.

"பின்ன? முடி திரும்பி வராம எங்க போவும்?"

வீடு வரைக்கும் வெரோனிகா நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்தாள். நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். நோரா அம்மாளை, துரைசானியை, விக்டரை, ஸ்டாக்கிங் விற்காத கடைகளை எல்லாம் திட்டினேன். அன்று சாயங்காலம் சர்க்கரை இல்லாத காப்பி குடித்தேன். கசந்தது. முகத்தைச் சுளித்ததை வெரோனிகா பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை நோரா அம்மாள் வந்தாள். பின்னால் விக்டர், காக்கி உடுப்போடு.

"காட்டுடி," என்றாள்.

வெரோனிகா முக்காலியில் உட்கார்ந்து, விக்டர் நிற்கிறான் என்றும் பார்க்காமல் புடவையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு இரண்டு காலையும் நீட்டினாள். ஒரு கால், உரித்த கோழி மாதிரிச் சிவந்து பொரிப் பொரியாக இருந்தது. மற்றது அவள் பிறந்ததிலிருந்து இருந்தபடி.

"இன்னாடி இது பாதி வேல!"

"இது எங்க வூட்டு சர்க்கர," என்று வலது காலைத் தட்டினாள் வெரோனிகா. "அது உங்க வூட்டு சர்க்கரைக்குக் காத்துக்கினு கீது. மாசா மாசம் வேணுமாம். உங்க கார்டுலேர்ந்து குடுத்து அனுப்புங்க."

"என் சர்க்கரையா? அப்ப காப்பிக்கு நான் இன்னா பண்றது?"

"எங்கக்கா கல்லு சொமந்துட்டு வந்து இன்னா குடிக்கிறாளோ அதையே குடிங்க."

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நோரா அம்மாள் வாசலுக்கு இறங்கினாள்.

"விக்டர், வாடா. சாமியாரப் பாத்துட்டுப் போவலாம்."

அவன் போனான். அம்மா பின்னாலேயே போனான். என் அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். வெரோனிகா அழவில்லை. காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பயலை டிராமோடு சேர்த்துக் கவிழ்த்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் தனியாக வந்தான். கையில் பொட்டலம்.

"சர்க்கர," என்றான். "எங்க கார்டு. அம்மா குடுத்தாங்க. சாமியார் வூட்டு வாசல் வரிக்கும் போனாங்க. ஓலைய நிறுத்தினா, இனிமே டிராம் ஷெட்லயே படுத்துக்கறேன், வூட்டுக்கு வரமாட்டேன்னேன். திரும்பி வந்து குடுத்துட்டாங்க. இன்னொரு காலுக்காம்."

வெரோனிகா அவனைப் பார்த்தாள். பொட்டலத்தை வாங்கினாள். அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டாள். பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு டம்ளரிலும் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். முதல் டம்ளர் எனக்கு வந்தது.

"அம்மா கேட்டா?" என்றான் விக்டர்.

"காலுக்குத்தான் போச்சின்னு சொல்லு. குடிச்சா எங்க போவும்? காலுக்கும்தானே போவும்."

அவன் வெரோனிகாவின் இடது காலைப் பார்த்தான், வலது காலைப் பார்த்தான். காப்பியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

"கவுனு?" என்றான்.

"உங்கம்மாவையே கட்டிக்கச் சொல்லு," என்றேன் நான். "மொதல்ல அவங்க கால நான் பாக்கணும்."