ஆலன் டாக்கெட்டின் பெயர் வெட்டிய கல்

1

பாடகன் வெர்ன் டாக்கெட்டுக்கு வாழ்நாள் சாதனை விருதாம். பதினோரு வருடம் அவன் பின்னால் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவன் என்று என்னிடம் விழா மலருக்கு நாலு பக்கம் கேட்டார்கள். புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது.

முதல் தொடக்கம்: 'கென்டக்கியின் நிலக்கரிப் புழுதியில் பிறந்த அந்தக் குரல்…'

(அடித்துவிட்டேன். பிறந்தது ஒஹாயோவில், புல்லைக்கூட அளவெடுத்து வெட்டும் தெருவில். அப்பா பல் டாக்டர்.)

இரண்டாவது: 'வேர்களைத் தேடிப்போன கலைஞன்…'

(இதில் கொஞ்சம் உண்மை உண்டு. வேரைத் தோண்டித்தான் அந்தக் குடும்பம் வயிறு வளர்த்தது. பல்லின் வேரை.)

2

இயற்பெயர் பிரஸ்டன் கீலர். அந்தப் பெயரில் மூன்று காதல் பாட்டுத் தொகுப்புகள் போட்டான். கேட்டவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அதில் ஏற்கெனவே நாங்கள்தான் இருந்தோம்.

பிறகு பெயரை மாற்றினான். நசுங்கிய தொப்பி ஒன்று வாங்கினான். பேச்சை இழுத்தான். சுரங்கக் கூரை இடிந்து அப்பா சாகிற பாட்டை எழுதினான். ஊர் ஊராக அழுதார்கள். அப்பா வாரத்துக்கு ஐந்து முறை செத்தார்.

(பாட்டு மட்டம் என்று எழுத ஆசை. மட்டமில்லை. அதுதான் எரிச்சல்.)

ஒஹாயோவில் கச்சேரி என்றால் அவனுடைய நிஜ அப்பா டாக்டர் ஆலன் கீலர் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்காருவார். முடிந்ததும் என்னிடம் வருவார்.

"இன்னிக்கு எப்படிச் செத்தேன், டெல்?"

"பிரமாதமா, டாக்டர். ரெண்டு பேர் வெளியே போய் அழுதாங்க."

"நல்லது. அவனைக் கடவாய்ப் பல்லைக் காட்டச் சொல்லு. வாயை ஒரு பக்கமாவே இழுக்கிறான்."

3

கிழக்குக் கென்டக்கியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் பாடினோம். முடிந்ததும் ஓமா ஃபூகேட் என்ற பெண்மணி வந்தார். புருஷனைச் சுரங்கத்தில் பறிகொடுத்தவர். தாளில் சுற்றிய சோளரொட்டியை வெர்ன் கையில் வைத்தார்.

"கண்ணு, சுரங்கத்துல செத்தவங்க பேரையெல்லாம் கோர்ட்டு முன்னால கல்லுல வெட்டியிருக்கு. டாக்கெட்னு தேடுனேன், உங்கப்பாவக் காணோம். விட்டுட்டானுங்க பாவிங்க. அவரு பேரென்ன? நான் சும்மா விடமாட்டேன்."

ஒரு வரைவில் உண்மையைச் சொல்ல வைத்தேன்: 'வெர்ன் தொப்பியைக் கழற்றி, அம்மா, என் அப்பா…'

(எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தத் தொப்பியை அவன் கழற்றி நான் பார்த்ததில்லை.)

நடந்தது இதுதான். தரையைப் பார்த்து, "ஆலன். ஆலன் டாக்கெட்" என்றான்.

வேனில் கேட்டேன். "ஏண்டா?"

"அந்தம்மா மூஞ்சியப் பார்த்தேல்ல? அதுகிட்ட எப்படிடா சொல்றது?"

சோளரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்.

4

ஓமா எட்டு மாதம் அலுவலகப் படியேறி அந்தப் பெயரை வெட்டவைத்தார். செய்தித்தாளில் படம் வந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வண்டிய எடு" என்றார்.

நாங்கள் போனபோது ஓமா ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். புருஷன் பெயரைத் துடைத்த கையோடு ஆலன் டாக்கெட்டையும் துடைத்தார்.

"உங்காளுங்க யாராச்சும் இதுல இருக்காங்களா?"

டாக்டர் கல்லையே பார்த்தார். "ஆலனைத் தெரியும்."

"எப்படிப்பட்ட மனுஷன்?"

"பையன் பாடுறதைக் கேக்குறதுன்னா உசுரு."

ஓமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

காரில் ஏறியதும், "பாதிப் பேருதான் என்னுது" என்றார்.

5

முடிவு வேண்டுமே. விருது மேடையில் வெர்ன் அழுது ஒப்புக்கொள்கிறான் என்று… (அழுவான். அதையும் பாட்டாக்குவான்.) ஓமா உளியோடு வந்து அந்தப் பெயரை…

இல்லை. நான் எழுதப்போவதில்லை. 'சுரங்கத் தொழிலாளியின் மகன்' என்ற வரி வெர்னுடையது அல்ல. பெயரை மாற்றியதும் அச்சடித்த முதல் கச்சேரித் துண்டறிக்கையில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. சாலையோரக் கடையில் காபி ஆறுவதற்குள் அந்த வரியை நான் எழுதினேன். அவன் படித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றான். பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஓமாவின் முகவரி என்னிடம் இருக்கிறது. கேட்டால் தருகிறேன். உண்மையை எழுதிப்போடுவதோ, அந்தக் கல்லை அவருக்கே விட்டுவிடுவதோ உங்கள் பாடு. நான் ஒரு வரி எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டீர்கள்.