மாத்திரையால் உறைந்த பால்

1

இந்தக் கதை ஒரு டம்ளர் பாலில் தொடங்கியது என்று எழுதினால் நம்பாதீர்கள். சந்தேகத்தில் தொடங்கியது.

என் தங்கை நெடுந்தூர ஓட்டக்காரி. பாதி ஓட்டத்தில் வயிறு கலக்கி, கழிவறையைத் தேடி ஓடியே இரண்டு போட்டிகளைக் கோட்டை விட்டவள். அவளுடைய பயிற்சியாளர் ஒரு டப்பா கொடுத்தார். குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகளை அடைத்த மாத்திரையாம். காசு வேண்டாம் என்றார். அங்கேதான் எனக்கு இடித்தது.

2

முறுக்கு மீசையைத் தடவியபடி பயிற்சியாளர்...

[இந்த வரியை அடித்துவிட்டேன். அவருக்கு மீசையே கிடையாது. வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குக் காய் நறுக்கித் தருகிற ஆள். நல்லவர்களைச் சந்தேகப்படுவதுதான் பெரிய கஷ்டம்.]

மாத்திரை போட்டதிலிருந்து வயிறு அடங்கியது. சரி. வேகமும் கூடியது. அது எப்படி?

"வயிறு சும்மா இருந்தா காலு ஓடும்ணா. இதுல என்னத்தத் துப்பறியிற?"

"டப்பாவுல சீலே இல்லையே?"

"பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுத்தாராம்."

"எதுக்குப் பார்க்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஓட்டம். முடிந்ததும் சிறுநீர்ப் பரிசோதனை. தடை செய்த மருந்து ஏதாவது தென்பட்டால் அவள் ஓட்டம் அதோடு சரி.

3

ஆகவே இருவரும் பந்தயம் கட்டினோம். வெதுவெதுப்பான பாலில் ஒரு மாத்திரையின் கூட்டைப் பிரித்து உள்ளிருந்த பொடியைக் கொட்டி, தட்டால் மூடி வைத்தோம். கிருமி உயிரோடு இருந்தால் காலையில் தயிர். இல்லாவிட்டால் டப்பா குப்பைக்கு. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் டோஸ் விழும்.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: பால் உறைந்தாலும் மாத்திரையில் வேறெதுவும் கலக்கவில்லை என்று ஆகிவிடாது. இது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.)

காலையில் கெட்டித் தயிர். தங்கை டம்ளரைக் கவிழ்த்தே காட்டினாள், ஒரு சொட்டு விழவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க, சார்?" என்று கேட்டுவிட்டு, மாத்திரை எடுக்க அறைக்குப் போனாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாலை ஆறவச்சிட்டு உறை ஊத்தாமலே படுத்துட்டீங்க. நான்தான் ஒரு ஸ்பூன் ஊத்தி வச்சேன். நல்லா உறைஞ்சிருக்கா?"

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். மாத்திரையை விட்டுவிடுகிறாள். ஞாயிறன்று பாதி ஓட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு... வேண்டாம்.

முடிவு ஆ: வாயைத் திறக்கவில்லை. அவள் ஜெயிக்கிறாள். பரிசோதனை அறையிலிருந்து வெளியே வந்த அதிகாரி... இதற்கு மேல் எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது.

முடிவு இ: அம்மா பேசியதை நான் எழுதவே இல்லை. எவ்வளவு சுலபம், பாருங்கள்.

5

தங்கை திரும்பி வந்துவிட்டாள். உள்ளங்கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர். சிரித்துக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னண்ணா? போட்டுக்கவா, வேண்டாமா?"

அம்மா சொன்னதைக் கேட்டது நானும் நீங்களும்தான். நான் எழுதுகிறவன், ஒளிந்துகொள்ள எனக்குக் காகிதம் இருக்கிறது. அவள் இப்போது உங்களைப் பார்க்கிறாள்.