குப்பைக்குப் போன மின்னல்கள்

புயல் வலுவிழக்கும் என்று வானிலை அலுவலகத்தில் காலையில் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அதை நம்பித்தான் தங்கை பகல் பன்னிரண்டரைக்குத் தீவிலிருந்து போன் செய்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் அவள் தலைமை நர்ஸ்.

"அக்கா, மூணு மணிக்குக் கடைசிக் கப்பல். பதினோரு பேஷன்ட். ரெண்டு பேருக்கு ஆக்சிஜன் ஓடுது. ஏத்தினா வழியில ஏதாவது ஆயிடுமோன்னு பயம், ஏத்தலேன்னா புயல் பயம். நீயே சொல்லு."

"அலைக்கழிக்காத. புயலோட கண்ணைச் சுத்தி ஒரு மின்னல்கூட இல்ல. அங்கேயே இருக்கட்டும்."

வாய் சொல்லிவிட்டது. போனை வைத்ததும் மறுபடி திரைக்குத் திரும்பினாள்.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் கண் கொட்டாமல் மின்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மின்னிய இருபதாவது விநாடியில் இவள் திரையில் ஒரு புள்ளி விழும். புயலின் வெளிக்கைகளில், ஓரமாகச் சுழன்று நீளும் மேகப் பட்டைகளில், மின்னல் சகஜம். கண்ணை ஒட்டிய மேகச் சுவரில் திடீரென்று கூடினால்தான் வினை; புயல் வலுக்கப்போகிறது என்று அர்த்தம்.

அந்தக் கேமராவுக்கு ஒரு கோளாறு உண்டு. நடுப்பகலில் கடல் மேல் பட்டுத் தெறிக்கும் வெயிலையும் மின்னல் என்று நினைத்துவிடும். அந்த நேரத்தில், அந்தக் கடல் பகுதியில் விழும் புள்ளிகளையெல்லாம் குப்பைக்குத் தள்ளும் நிரலை எழுதியவளும் இவள்தான். அதற்குக் கைதட்டல் வாங்கினாள், கூடவே கொஞ்சம் தலைக்கனமும்.

இன்று புயல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்தாள். சரியாக அந்தப் பகுதிக்குள் நுழைந்திருந்தது.

குப்பையைத் திறந்தாள். இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள், கண்ணைச் சுற்றி வளையமாக. வெயில் வளையம் போடுமா? மேகம் மூடிய இடத்தில் கடல் ஏது, பளபளப்பு ஏது? முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு, புள்ளிகளை நிமிஷம் நிமிஷமாக ஓடவிட்டாள். திட்டு பாதியில் நின்றுபோனது. வளையம் சுழன்றது, நெருங்கியது, அடர்ந்தது. கடலின் சூடு வானத்தின் கூரை வரை ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றத்தில் பனித்துகளும் ஆலங்கட்டியும் உரசி உரசித் தெறித்த வெளிச்சம் இது. யாரும் பார்க்காத கடல் நடுவில் இத்தனை பெரிய காரியம்! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாதி பயம். மீதியைப் பயம் என்று சொல்ல முடியாது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தலைமை அதிகாரியிடம் ஓடினாள். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார், அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பார்க்கலாம்தான்.

"மின்னல் கூடினா புயல் சாகவும் போகலாமேம்மா?"

"வெளிக்கைகள்ல கூடினா அப்படி இருக்கலாம் சார். இது கண்ணை ஒட்டி. தப்பு என்னோடது சார், நான்தான் குப்பையில போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வளையம் மூன்று முறை சுற்றும் வரை திரையை உற்றுப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்லாமல், எச்சரிக்கையை மாற்றச் சொல்லிப் போனை எடுத்தார்.

அவளும் எடுத்தாள். மணி ஒன்றரை. "நான் சொன்னது தப்புடி. எல்லாரையும் ஏத்து. இப்பவே."

தங்கை ஏன் என்று கேட்கவில்லை.

மாலை ஆறு மணிக்குள் புயல் வலுவில் இரண்டு படி ஏறியிருந்தது. தீவின் காற்றுமானி உடைந்து, கணக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தது. அப்போதுதான் போன் வந்தது.

"அக்கா, கரை தெரியுது. பின்னாடி வானம் முழுக்க மின்னுது, சத்தமே இல்ல. தோ, இப்ப ஒண்ணு, பெருசா!"

அவள் திரையைப் பார்த்தாள். மனத்துக்குள் இருபது எண்ணினாள். கண்ணை ஒட்டி ஒரு புள்ளி விழுந்தது.

"வந்துடுச்சு," என்றாள். "நீ பார்த்தது இங்க வந்துடுச்சுடி."

"நான் மட்டும் இல்லக்கா. பதினோரு பேரும் பார்த்துட்டிருக்காங்க."